மதகடி வரைக்கும்

ஓர் இனம் உயர்வதும் தாழ்வதும் அந்த இனம் வீதியில் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது; வீதியில் ஒழுங்கில்லாத மக்களுக்கு வரலாறு வழிவிடுவதில்லை. பஞ்சலிங்கம் இதைச் சொன்னது பிள்ளையார் கோயில் வாசலில், ஏறக்குறைய நாற்பது பேர் முன்னிலையில், தான் புதிதாக வாங்கிய வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்றுகொண்டு. காரின் நான்கு சில்லுகளுக்கும் முன்னால் நான்கு தேசிக்காய்கள் வைக்கப்பட்டிருந்தன. ஐயர் தீபம் காட்டி, முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் பூசி, தேங்காயும் உடைத்து முடித்துவிட்டு, "இனி ஏறி உருட்டுங்கோ" என்று சொல்லி ஐந்து நிமிடம் கடந்திருந்தது. சனம் தேசிக்காய் நசிவதைப் பார்க்கக் காத்துக்கொண்டு நின்றது. பஞ்சலிங்கத்துக்குக் கார் ஓடத் தெரியாது.

இது அந்த வாசலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பஞ்சலிங்கம். மற்றவர், கற்பூரத் தட்டோடு பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி குணலட்சுமி. அவள் தட்டையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. தேசிக்காய் ஒன்று கொஞ்சம் தள்ளி இருந்ததைக் கண்டு, காலால் மெதுவாகச் சில்லின் நடுவுக்கு நகர்த்தி விட்டாள். எந்த இடத்தில் வைத்தால் நசியும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்த நாட்டு லைசன்ஸ் கையிலை வாற வரைக்கும் இந்த நாட்டு றோட்டிலை ஒரு சாண் கூட நான் உருட்ட மாட்டன்" என்றார் பஞ்சலிங்கம். "பிரான்சிலை இருவத்தொன்பது வருசம் பழகின பழக்கம் அது. சட்டமெண்டால் சட்டம்."

முதலில் கைதட்டியவர் அருளம்பலம். ஓய்வுபெற்ற அதிபர், சனசமூக நிலையத்தின் தலைவர். கைதட்ட வேண்டிய இடம் எது என்பதை ஊருக்குக் காட்டிக்கொடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. பிறகு எல்லாரும் தட்டினார்கள். பஞ்சலிங்கத்தின் அக்கா மகன் கீர்த்திகன் மாமாவிடமிருந்து திறப்பை வாங்கிக் காரில் ஏறி ஓரடி முன்னே விட்டான். நான்கும் ஒழுங்காக நசிந்தன. காரைக் கொண்டுபோய் மாமா வீட்டுக் கொட்டிலில் விட்டதும் அவன்தான். பஞ்சலிங்கம் பின்னால் நடந்து வந்தார். சட்டத்துக்காக நடந்து வருகிற ஒரு மனிதரை ஊர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

பிரான்சிலும் அவர் நடந்துதான் திரிந்தார். நடக்காத நேரம் மெட்ரோ. பாரிசுக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, கடைசிப் பத்து வருடம் குசினியில் இரண்டாம் ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர். லைசன்சுக்கு முயலாமலும் இல்லை. அங்கே முதலில் ஒரு கேள்விச் சோதனை உண்டு. திரையில் ஒரு சந்தியின் படம் வரும், இப்போது யார் முதலில் போக வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்கும். பஞ்சலிங்கம் கேள்வியை விளங்கி முடிக்கும்போது எல்லாரும் போய்விட்டிருப்பார்கள். நான்கு முறை எழுதினார். ஐந்தாவது முறை குணலட்சுமி, வீட்டில் கிடக்கும் புத்தகம்தானே என்று எடுத்துப் படித்து, தான் போய் எழுதி, முதல் தடவையிலேயே சித்தியடைந்தாள். ஓட்டச் சோதனை இரண்டாவது தடவையில் சரி. அதன்பிறகு பன்னிரண்டு வருடம், துப்புரவு வேலை நிறுவனம் ஒன்றின் வெள்ளை வானை விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போய் ஆட்களை இறக்கி ஏற்றினாள். பாரிஸில் கார் வைத்திருப்பது மூளை இல்லாதவன் செய்கிற வேலை என்று பஞ்சலிங்கம் அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இரவல் கார்களோடு ஊருக்குப் படங்கள் போயின. கடற்கரையில் காருக்குப் பக்கத்தில் பஞ்சலிங்கம். பனியில் காரின் கதவில் கைவைத்தபடி பஞ்சலிங்கம். ஸ்ரேரிங்குக்குப் பின்னால் இருந்து கண்ணாடியை இறக்கிச் சிரிக்கிற பஞ்சலிங்கம். நான் ஓடுகிறேன் என்று அவர் ஒருநாளும் யாருக்கும் எழுதியதில்லை. ஓடுகிறாயா என்று ஒருவரும் கேட்டதுமில்லை. அக்கா அற்புதராணி அந்தப் படங்களை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வைத்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கிற சாட்டில் காட்டினாள். இப்படியாக, வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு மனிதர் இருபத்தொன்பது வருடம் கார் ஓடிவிட்டார். அதைத் திடீரென்று நிறுத்துவது எப்படி என்பதுதான் ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவருடைய கவலை.

பிரான்ஸ் லைசன்ஸைக் கொடுத்தால் கொழும்பில் இந்த நாட்டு லைசன்ஸாக மாற்றித் தருவார்கள், சோதனை ஒன்றும் தேவையில்லை என்று கீர்த்திகன் தகவல் கொண்டுவந்தான். அதைப் பிரான்சை விட்டு வெளிக்கிடும்போதே அவங்களிடம் ஒப்படைத்துவிட்டேன், ஒரு நாட்டை விட்டு வருகிறவன் அந்த நாட்டின் உரிமைகளையும் விட்டுவிட்டு வருவதுதான் முறை என்று மாமா பதில் சொன்னார். கீர்த்திகன் அதைச் சனசமூக நிலையத்தில் போய்ச் சொல்ல, அருளம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அடுத்த கிழமை வீதிப் பாதுகாப்புப் பற்றி மாணவர்களுக்குப் பேச பஞ்சலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள். குணலட்சுமி அந்தப் பொன்னாடையை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்தன, கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் காசு கொடுத்ததற்கு ஒன்று, கிரிக்கெட் கழகத்துக்கு ஒன்று.

ஊரில் பழகினால் தெரிந்துவிடும் என்று, யாழ்ப்பாணம் ரவுணில் கார் பழக்குகிற ஒரு லேர்ணர்ஸைப் பிடித்தார். பழக்குகிறவன் குருநகர்ப் பெடியன், லெனாட். பெடியன் என்றாலும் நாற்பது வயது. கழுத்தில் அந்தோனியார் சுருவம் தொங்கும். பஞ்சலிங்கம் பஸ்ஸில் போய், அவனுடைய பழைய காரில் ஏறி, வேர்த்து இறங்கி, பஸ்ஸில் வருவார். வீட்டில் கேட்பவர்களுக்குக் கச்சேரியில் அரசாங்க அலுவல். முதல் நாளே கார் ஆறு முறை இழுத்து நின்றது.

"அண்ணை பிரான்சிலை ஓடினனியள் எண்டு போனிலை சொன்னியள்" என்றான் லெனாட், மிகவும் மரியாதையாக.

"ஓம். அங்கை வலப்பக்கம் தம்பி. இஞ்சை இடப்பக்கம். அதுதான் கால் கொஞ்சம் குழம்புது."

லெனாட் கியரை நடுவுக்குத் தள்ளிவிட்டான். "அங்கையும் கிளச் இடது காலுக்குத்தானே அண்ணை" என்றான். பிறகு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தவன் போல, "சரி, திருப்பி ஸ்ராட் பண்ணுங்கோ" என்றான். அந்த நாளுக்குப் பிறகு அவன் பிரான்சைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அவன் கதைக்காமல் விட்டது பஞ்சலிங்கத்துக்கு ஒவ்வொரு வகுப்பிலும் குத்திக்கொண்டே இருந்தது.

எழுத்துச் சோதனையில் நாற்பதுக்கு முப்பத்தொன்பது. தமிழில் கேட்டால் சந்தியில் யார் முதலில் போக வேண்டும் என்று சொல்ல அவரை விட ஆள் இல்லை. அதை ஊர் முழுவதும் சொன்னார். ஓட்டச் சோதனையைப் பற்றிச் சொல்லவில்லை. முதல் தடவை, பரீட்சகர் பக்கத்தில் ஏறி இருந்து கதவைச் சாத்தியதும் பஞ்சலிங்கத்தின் இடது கால் நடுங்கத் தொடங்கியது. நடுங்கிய கால் நடுங்கியபடியே கிளச்சை விட, கார் துள்ளி நின்றது. மூன்றாம் முறை துள்ளியபோது பரீட்சகர் கடதாசியில் எதையோ எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். இரண்டாவது தடவை துள்ளவில்லை. றிவேர்ஸில் போய் அடையாளக் கூம்பின் மேல் ஏறி நின்றது. அன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்த பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி கீழே கிடந்த கூம்பை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, "பறவாயில்லை அங்கிள், எனக்கும் போன முறை உப்பிடித்தான்" என்றாள். வருகிற வழியில் பஸ் யன்னலோரம் இருந்து அவர் நினைத்ததெல்லாம் அந்தப் பெட்டை எந்த ஊராக இருக்கும் என்பதைத்தான்.

இந்த இடைவெளியில் கார் கொட்டிலில் நின்றது. சீற்றுகளுக்குப் போட்டிருந்த பொலித்தீன் உறையைக்கூட அவர் கழற்றவில்லை. ஒவ்வொரு காலையும் துணியால் துடைத்தார். குணலட்சுமி ஒருநாள் கீரிமலைக்குப் போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, நான் ஓடுகிறேனே என்று கேட்டாள். ஊர் என்ன சொல்லும் என்று அவர் கேட்டார். நான் ஓடினால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும் என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது வாயால் சொல்லக்கூடிய பதில் அல்ல. எனக்குக் கிடைக்கட்டும், பிறகு உனக்கு எடுப்போம் என்றார். அவள் சரி என்றாள். பத்து நாளில் கொழும்பில் தங்கையின் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று போய் நான்கு நாள் நின்று வந்தாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குச் சந்திக் கடையடியில் ஒரு காகித உறை வந்தது. மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுத் தபால். பஞ்சலிங்கம், அருளம்பலம், கீர்த்திகன் மூவரும் நின்று மழை வருமா என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் சைக்கிளை ஊன்றி, உறையின் முகப்பை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பெண்களின் பெயருக்கு முன்னால் கணவன் பெயரை எழுதுவது வழக்கமல்லவா. அவர் முதல் பெயரைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டார். "பஞ்சலிங்கம் அண்ணை, லைசன்ஸ் வந்திட்டுது, ஒப்பம் வையுங்கோ" என்றார்.

பஞ்சலிங்கத்துக்கு ஒரு கணம், தான் நிஜமாகவே சித்தியடைந்துவிட்டதாகத்தான் தோன்றியது. அரசாங்கத்தில் இப்படியும் ஒரு பிழை நடக்கலாம் அல்லவா. ஒப்பம் வைத்தார். உறையின் ஓரத்தைக் கிழித்து அட்டையைப் பாதி இழுத்தார். அதில் குணலட்சுமி சிரிக்காமல் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை மெதுவாக உள்ளே தள்ளி, உறையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அருளம்பலம் அதற்குள் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கியிருந்தார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு, அவர் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் பதாகை ஏறிவிட்டது. கீர்த்திகன் செய்கிற காரியத்தில் தாமதம் கிடையாது. ஆறடி அகலத்தில், பாரிஸ் கடற்கரை என்று ஊர் சொல்கிற படத்திலிருந்து வெட்டியெடுத்த பஞ்சலிங்கம் சிரித்தார். 'வீதி ஒழுங்கின் விடிவெள்ளி, சட்டத்தின் பாதையில் சளைக்காத சாரதி, எங்கள் மண்ணின் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றமையை வாழ்த்தி மகிழ்கிறோம்.' கீழே சனசமூக நிலையம், அக்கா குடும்பத்தினர். பாரிசில் கடற்கரை இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையை மேசையில் வைத்தார். குணலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கொழும்பிலை லைசன்ஸை மாத்தினதை ஒரு சொல்லு எனக்குச் சொல்லேல்லையே" என்றார்.

"சொன்னால் விட்டிருப்பியளோ?"

அவள் கையைத் துடைத்துவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தாள். "படம் வடிவில்லை" என்று சொல்லி, சீனிப்போத்தலுக்குப் பின்னால் வைத்தாள்.

அவர் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. மூன்றாவது ஓட்டச் சோதனைக்குத் திகதி வந்தது. அவரால் போக முடியவில்லை. வாழ்த்தப்பட்ட மனிதன் எந்த முகத்தோடு சோதனைக்குப் போவது? போய்ச் சித்தியடைந்தாலும் அது யாருக்கும் சொல்ல முடியாத சித்தி. ரவுணில் மருந்துக் கடை ஒன்றில் லெனாட்டைக் கண்டபோது, வருகிற புதன்கிழமை சோதனைக்கு வாறியளோ அண்ணை என்று அவன் கேட்டான். இல்லையடா தம்பி, வேலை கொஞ்சம் இருக்கு என்றார். "உங்கடை பக்கம் ஒரு செத்தவீட்டுக்கு வந்தனான்" என்றான் லெனாட். "பதாகை பாத்தனான் அண்ணை. நல்லா அடிச்சிருக்கிறாங்கள்."

பதாகையின் ஒரு மூலை காற்றில் கழலத் தொடங்கிய நாட்களில் அற்புதராணிக்குக் கருப்பையில் கட்டி என்று தெரிந்தது. தெல்லிப்பழையில் கதிர் வைத்தியம். ஆறு கிழமை, சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும். முதல் இரண்டு நாளும் ஓட்டோவில் போனாள். வீதியில் கிடங்கு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். கார் வைத்திருக்கிற தம்பி, அதுவும் லைசன்ஸ் கிடைத்த தம்பி, பக்கத்து ஒழுங்கையில் இருந்தான். மாமா இருக்க நான் எதற்கு என்று கீர்த்திகனும் விலகிக்கொண்டான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை பஞ்சலிங்கம் மனைவியிடம் ஒரு ஒழுங்கு சொன்னார். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

ஒழுங்கு இதுதான். வீட்டுப் படலையிலிருந்து ஊரின் எல்லையில் உள்ள மதகு வரைக்கும் அவர் ஓடுவார். ஏறக்குறைய எண்ணூறு மீற்றர். கார் கியர் மாற்றத் தேவையில்லாத கார். கிளச் இல்லை, இரண்டு மிதிதான். மதகடியில் வீடு இல்லை, கடை இல்லை. வெள்ளவாய்க்காலும் இரண்டு பக்கமும் வெங்காயம் நட்ட தறைகளும் ஒரு வேம்பும்தான். அங்கே மாறிக்கொள்வார்கள். தெல்லிப்பழைக்குப் போவதும் வருவதும் அவள். திரும்பி வரும்போது மதகடியில் திரும்பவும் மாற்றம். எண்ணூறு மீற்றரும் லைசன்ஸ் இல்லாமல் ஓடுவது சட்டவிரோதம் என்பது நாற்பதுக்கு முப்பத்தொன்பது எடுத்த மனிதருக்குத் தெரியாதது அல்ல. முதல் நாள் படலையைத் தாண்டவே அவருக்குப் பத்து நிமிடம் சென்றது.

ஆனால் எதுவும் பழகிவிடுகிறது. மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில், இரண்டு கையாலும் ஸ்ரேரிங்கை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படலைக்கும் ஹோண் அடித்து, படுத்திருக்கிற நாய்கள் எழும்பி உளைவு முறித்துப் போகும்வரை பொறுத்திருந்து அவர் போனார். சனசமூக நிலையத்து வாசலில் பேப்பர் பார்க்கிறவர்கள் கை உயர்த்துவார்கள். அவர் கையை எடுக்காமல் தலையை மட்டும் அசைப்பார். பார், அதுதான் வேகக் கட்டுப்பாடு என்று அருளம்பலம் மோட்டார்சைக்கிள் பெடியங்களுக்குக் காட்டுவாராம். மதகடியில் காரை நிறுத்தி, அவர் காருக்குப் பின்னால் சுற்றி வர, குணலட்சுமி முன்னால் சுற்றிப் போவாள். அவள் சீற்றை முன்னே இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, ஏதோ சொந்த வீட்டுக்குள் நுழைந்தவள் போல ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு கார் வேறு கார் ஆகிவிடும். கிடங்குகளை அது எப்படியோ தெரிந்து விலகிப் போகும். பின் சீற்றில் அற்புதராணி கண்ணை மூடிக்கொள்வாள்.

தம்பிக்குக் கால் விறைக்கும், தூரம் ஓட ஏலாது என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தது. அவள் ஓம் என்று கேட்டுக்கொண்டாள். மூன்றாம் கிழமை ஒருநாள், திரும்பி வருகிற வழியில், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"குணம், உந்தப் பிரான்ஸ் படங்களெல்லாம் ஆர் எடுத்தது?"

"நான்தான் மச்சாள்."

"ஓம். அப்பிடித்தான் நினைச்சனான்."

பஞ்சலிங்கம் இடதுபக்கம் திரும்பி வெங்காயத் தறையைப் பார்த்தார். பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டு நின்ற ஒரு மனிசி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து காரைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். தோட்டத்துக்குள் நிற்கிறவர்கள் மண்ணைத்தான் பார்ப்பார்கள், வீதியை அல்ல என்று அவர் நம்பினார். மதகடியில் அவர்கள் நிற்கும்போது அடிக்கடி கடந்துபோகிற மினிபஸ்ஸைப் பற்றியும் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எங்கோ போகிறவர்கள்.

வைத்தியம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நெடுநேரம் சென்றுவிட்டது, வெளிக்கிடும்போது பன்னிரண்டரை. அக்காவின் முகம் வெளிறியிருந்தது. கதிர் பிடிக்கப் பிடிக்க அவளுக்குச் சலம் அடக்கமுடியாமல் போயிருந்தது. வெளிக்கிட முன்னம் ஒருமுறை போய் வந்தாள், அளவெட்டி தாண்டும்போதே திரும்பவும் நெளியத் தொடங்கினாள். வழியில் நிற்பாட்டவா மச்சாள் என்று குணலட்சுமி கேட்டதற்கு, வேண்டாம் பிள்ளை, றோட்டிலை என்னெண்டு, வீட்டை போயிடலாம் என்றாள். குணலட்சுமி வேகமாக ஓடினாள்.

மதகு கண்ணுக்குத் தெரிந்ததும் அவள் காலை எடுத்தாள். மதகில் சனம் நின்றது. இருபத்தைந்து பேராவது இருக்கும். மாரிக்கு முன்னம் ஊர் கூடி வெள்ளவாய்க்கால் துப்புரவாக்குகிற சிரமதானம். மண்வெட்டி, தள்ளுவண்டி, வாய்ப்பன் பெட்டி, தேத்தண்ணி வாளி. நடுவில் அருளம்பலம் வெள்ளை வேட்டியோடு நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கிக் குரலில், ஒரு இனத்தின் நாகரிகம் அதன் வாய்க்கால்களில் தெரியும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டு" என்றார் பஞ்சலிங்கம்.

குணலட்சுமி மதகுக்கு ஐம்பது மீற்றர் இப்பால், வேம்பின் நிழலில் நிறுத்தினாள். இங்கேயே மாறினால் அங்கிருந்து தெரியும். மாறாமல் போனாலும் தெரியும். பேசி முடித்துத் தேத்தண்ணிக்குக் கலைவார்கள், அந்த நேரம் பார்த்து மாறலாம் என்று பஞ்சலிங்கம் கணக்குப் போட்டார். இரண்டு நிமிடம் போனது. அருளம்பலம் சோழர் காலத்து வாய்க்கால்களுக்கு வந்திருந்தார்.

"தம்பி" என்றாள் அக்கா. "எனக்கு அவசரமாப் போகவேணும்."

"ரண்டு நிமிசம் அக்கா. முடியப் போகுது."

"இஞ்சேருங்கோ" என்றாள் குணலட்சுமி. "இண்டைக்கு நான் வீட்டை மட்டும் ஓடுறன். ஆரும் கேட்டால் உங்களுக்குக் கால் ஏலாது எண்டு சொல்லுவம்."

"கால் ஏலாதெண்டால் பேந்து லைசன்ஸ் என்னத்துக்கு எண்டு கேப்பாங்கள். பொறு."

அவள் பொறுத்தாள். ஏசி மெதுவாக இரைந்தது. பஞ்சலிங்கம் முன்கண்ணாடியின் சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்த அடையாளத்தைப் பார்த்தார். அக்காவின் வீடு அங்கிருந்து எண்ணூறு மீற்றர் கூட இல்லை. இறங்கிப் போய் ஒரு சொல் சொன்னால் போதும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. சந்திக் கடையடியில் தெரிந்தது போலவே தெரிந்தது. தன்னைப் போல ஒரு ஆள் ஏன் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயப்பட வேண்டும் என்றும் நினைத்தார். அப்படி நினைத்தபடியே, மதகில் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லை. எட்டு நிமிடம் ஆனது. பத்து.

பின்னால் பொலித்தீன் சரசரத்தது. பிறகு சரசரப்பு நின்றது. மெல்லிய ஒரு சத்தம், குழாய் ஒன்று சரியாகப் பூட்டப்படாதது போல, உறையின் மேல் ஓடி, விளிம்பிலிருந்து காலடிக்குச் சொட்டியது. அற்புதராணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வரவில்லை. அறுபத்தெட்டு வயது, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே பீரிஸ் இல்லாமல் ஒருவருக்கும் கொடுத்தறியாதவள்.

குணலட்சுமி தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பின்னால் நீட்டி, மச்சாளின் மடியில் விரித்தாள். திரும்பி நேராக இருந்தாள். கியரில் கைவைத்தாள்.

"நில்லு" என்றார் பஞ்சலிங்கம். தான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. உடம்பு ஆறு கிழமையாகப் பழகியிருந்தது. கதவைத் திறந்து இறங்கி, காருக்குப் பின்னால் சுற்றி, ஓட்டுகிற பக்கம் வந்து, கதவுப் பிடியில் கைவைத்தார். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குணலட்சுமி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. லைசன்ஸ் படத்தில் இருந்த அதே முகம்.

கார் அவருடைய கையிலிருந்து மெதுவாக நழுவிப் போனது.

மதகில் நின்றவர்கள் ஹோண் சத்தத்துக்குத் திரும்பினார்கள். ஒருவன் தள்ளுவண்டியை ஓரத்துக்கு இழுத்தான். இன்னொருவன் வாளியைத் தூக்கினான். அருளம்பலம் பேச்சை நிறுத்தாமலே இரண்டடி விலகி வழிவிட்டார். ஸ்ரேரிங்கில் குணலட்சுமி இருப்பதைக் கண்டு ஒருவருடைய வாயும் பிளக்கவில்லை. கீர்த்திகன் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் நின்று, தாய் பின் சீற்றில் இருப்பதைக் கண்டு கையசைத்தான். பிறகு எல்லாரும் அருளம்பலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வேம்பின் கீழே நிற்கிற பஞ்சலிங்கத்தை அவர்கள் காணவில்லையா, கண்டும் காணாமல் விட்டார்களா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கை இன்னும் கதவுப் பிடியின் உயரத்தில் நின்றது. அதை இறக்கி வேட்டியில் துடைத்தார்.

பின்னால் இரைச்சல் கேட்டது. கீரிமலைப் பக்கமிருந்து வந்த மினிபஸ். மதகில் சனம் நின்றதால் அதுவும் வேம்படியிலேயே நின்றது. வாசலில் தொங்கிக்கொண்டு வந்த கொண்டக்டர் பெடியன் உள்ளே பார்த்து, நாள்தோறும் கத்துகிற குரலில் கத்தினான்.

"சீற் மாத்திற மதகடி. சீற் மாத்திற மதகடி இறங்குறாக்கள் இறங்குங்கோ."

இரண்டு மனிசிகள் மரக்கறிப் பையோடு இறங்கினார்கள். அந்த மதகுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னம் பெயர் இருக்கவில்லை.